அரும்பொருள்களை முப்பரிமாணத்தில் இணையத்தில் காட்டுவது எப்படி? குறைந்த செலவில் செய்யும் வழிகள்

ரப்பர் பால் சேர்ந்த மங்கு, காண்டா கம்பு, தோட்ட ஆலயத்துப் பழைய மணி, தாத்தா கப்பலில் கொண்டுவந்த டிரங்குப் பெட்டி. இவற்றைப் போன்ற பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் சிறிய அரும்பொருளகங்களும் ஆலயங்களும் தமிழ்ப்பள்ளிகளும் நாட்டில் உள்ளன. அப்பொருள்களை முப்பரிமாண வடிவில் இணையத்தில் காட்ட இன்று பெருந்தொகை தேவையில்லை. ஒரு திறன்பேசி, ஒரு கணினி, இலவச மென்பொருள், பொறுமையுள்ள இரண்டு மூன்று பேர் இருந்தால் போதும்.

செலவு குறைந்துவிட்டாலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இலவசத் தளம் ஒன்றில் மாதிரியை ஏற்றியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகின்றனர். மாதிரியை உருவாக்குவது, மக்களுக்குக் காட்டுவது, காலத்துக்கும் காப்பது ஆகியவை மூன்று தனித்தனி வேலைகள். இம்மூன்றையும் தனித்தனியாகத் திட்டமிட்டால்தான் போட்ட உழைப்பு நிலைக்கும்.

முப்பரிமாண மாதிரி என்பது என்ன?

சாதாரணப் படம் ஒரு பொருளின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். முப்பரிமாண மாதிரியைத் திரையில் விரலால் சுழற்றலாம், பெரிதாக்கலாம், அடிப்பக்கத்தையும் பார்க்கலாம். பொருளின் மேற்பரப்பைக் கணினி ஆயிரக்கணக்கான சிறுசிறு முக்கோணங்களாகப் பதிவுசெய்து, அவற்றின்மேல் பொருளின் உண்மையான நிறத்தைப் போர்த்துகிறது.

இதனை உருவாக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒளியைப் பாய்ச்சி அளவெடுக்கும் வருடிக் கருவி. அரும்பொருளகங்கள் பயன்படுத்தும் தரமான கருவிகளின் விலை பல பத்தாயிரம் ரிங்கிட். மற்றொன்று ஒளிப்பட அளவியல். ஃபோட்டோகிராமெட்ரி என்ற பெயரில் பலரும் இதனை அறிவர். ஒரே பொருளைப் பல கோணங்களில் படமெடுத்துக் கொடுத்தால், ஒவ்வொரு படத்திலும் ஒரே புள்ளி எங்கே தெரிகிறது என்று ஒப்பிட்டு மென்பொருள் வடிவத்தைக் கணக்கிடும். சிறிய அமைப்புகளுக்கு ஏற்றது இந்த இரண்டாம் வழிதான்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

2018 செப்டம்பர் 2ஆம் தேதி பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் இருந்த தேசிய அரும்பொருளகம் தீப்பிடித்து எரிந்தது. 200 ஆண்டுப் பழமையான அந்த நிலையத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பொருள்கள் இருந்தன. பெரும்பகுதி அழிந்தது. தீக்கு முன்பே முப்பரிமாணத்தில் பதிவு செய்யப்பட்டிருந்த சில பொருள்களின் வடிவம் மட்டும் கணினியில் தப்பியது. மற்றவற்றுக்காக, முன்பு அங்கு சென்றுவந்த பார்வையாளர்களிடம் படங்கள் கேட்கப்பட்டன.

ஈராக்கின் மோசுல் அரும்பொருளகத்தில் சிலைகள் உடைக்கப்பட்ட காட்சிகள் 2015 பிப்ரவரியில் வெளியாயின. அடுத்த மாதமே தன்னார்வலர்கள் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். பொதுமக்கள் முன்பு எடுத்திருந்த படங்களைத் திரட்டி, அழிந்த சிலைகளுக்கு முப்பரிமாண மாதிரிகளை உருவாக்கினர். போதிய படங்கள் கிடைத்த பொருள்களுக்கு மாதிரி உருவானது. படம் இல்லாதவற்றுக்கு வழியில்லாமல் போனது.

நம் நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிட்ச் வேல்ஸ் தம் மனைவியுடன் 1930களில் அகழாய்வு செய்து, பழைய வழிபாட்டுத் தலங்களுக்கு எண் கொடுத்துப் பதிவுசெய்தார். அவற்றுள் 11ஆம் எண் கொண்ட சண்டியின் எச்சம், வீடமைப்பு மேம்பாட்டுக்காக நிலத்தைத் திருத்தியபோது இடிக்கப்பட்டது. வரலாற்று ஆய்வாளர் டத்தோ வீ. நடராஜன் 2013இன் பிற்பகுதியில் அதனை வெளிக்கொணர்ந்த பிறகே நாடு முழுவதும் பேச்சானது. இடித்த பிறகு அந்தச் சண்டியை அறிந்துகொள்ள எஞ்சியவை பழைய ஏடுகளும் படங்களும்தாம்.

கடாரத்துச் சண்டிக்கே இந்த நிலை என்றால், துண்டாடப்பட்ட தோட்டத்தின் லயத்தில் கிடந்த பால் வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டம் கைமாறும்போது மக்கள் வெளியேறுகின்றனர். ஆலயம் இடம் மாறுகிறது. பழைய பொருள்கள் இரும்புக் கடைக்குப் போகின்றன. பொருளைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் அதன் வடிவத்தையும் பெயரையும் காப்பாற்ற முடியும்.

முதல் வேலை: படம் எடுப்பது

மாதிரியின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது படம்தான். மென்பொருளைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். மோசமான படத்தை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

மங்கு அளவுள்ள பொருளுக்கு 60 முதல் 150 படங்கள் தேவைப்படும். பொருளைச் சுற்றி மூன்று உயரங்களில் எடுக்க வேண்டும்: கண்மட்டத்தில் ஒரு சுற்று, சற்று மேலிருந்து ஒரு சுற்று, இன்னும் மேலிருந்து ஒரு சுற்று. அடுத்தடுத்த இரண்டு படங்களில் குறைந்தது 60 முதல் 80 விழுக்காடு ஒரே பகுதி தெரிய வேண்டும். அதன் பிறகு பொருளைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் இதேபோல் எடுக்க வேண்டும்.

வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்க வேண்டும். மேகமூட்டமான பகல் பொழுதில் ஐந்தடிக்கு அப்பால் அல்லது முன்கூடத்து நிழலில் எடுப்பது நல்லது. நேர் வெயிலும் ஃபிளாஷும் ஆகா. நிழல்கள் மாதிரியின் நிறத்திலேயே பதிந்துவிடும். குவியமும் ஒளியளவும் படத்துக்குப் படம் தானாக மாறாதபடி திறன்பேசியில் பூட்டி வைப்பது முக்கியம்.

இரண்டு மூன்று படங்களில் பொருளின் அருகே ஓர் அளவுகோலை வைத்து எடுக்க மறக்கக் கூடாது. படத்தை மட்டும் பார்த்து ஒரு பொருள் 10 சென்டிமீட்டரா 10 மீட்டரா என்று மென்பொருளால் அறிய முடியாது. நிற அட்டை ஒன்றையும் வைத்தால் பிற்காலத்தில் நிறத்தைச் சரிபார்க்க உதவும்.

சில பொருள்கள் இந்த முறைக்கு எளிதில் வசப்படா. கண்ணாடி, மெருகேற்றிய பித்தளை, வெள்ளி, ஒரே நிறமுள்ள பீங்கான், மெல்லிய நூல் வேலைப்பாடு ஆகியவை அந்த வகை. பளபளப்பு கோணத்துக்குக் கோணம் மாறுவதால் மென்பொருள் குழம்பிவிடும். முதன்முதலாகச் செய்பவர்கள் மரம், கல், சுட்ட மண், துருவேறிய இரும்பு ஆகியவற்றில் தொடங்கலாம். மங்கு பீங்கானாக இருந்தாலும், அதில் பால் படிந்த கறையும் கீறலும் இருப்பின் மாதிரி நன்றாக வரும். அதற்காகவேனும் பழைய பொருளைத் தேய்த்துக் கழுவாமல் அப்படியே படமெடுப்பது நல்லது.

இரண்டாம் வேலை: மாதிரி உருவாக்குவது

கணினி இல்லாதவர்கள் திறன்பேசிச் செயலியிலேயே தொடங்கலாம். ஸ்கேனிவர்ஸ், ரியாலிட்டிஸ்கேன் ஆகிய செயலிகளை ஐஃபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். போலிகேம் செயலியில் சில வசதிகள் இலவசம், மற்றவற்றுக்குக் கட்டணம். விலையுயர்ந்த சில ஐஃபோன்களில் உள்ள லைடார் உணர்கருவி அறை, மண்டபம் போன்ற பெரிய இடங்களுக்கு உதவும். சிறிய பொருளின் நுணுக்கத்தை அது பிடிக்காது. சிறு பொருளுக்குப் படமுறைதான் சரி.

கணினி வைத்திருப்போருக்கு மெஷ்ரூம் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். அதன் மூலநிரலும் திறந்தது. முழுத் தரத்தில் மாதிரி வேண்டுமானால் கணினியில் என்விடியா வரைகலை அட்டை இருக்க வேண்டும். விளையாட்டுக்காக வாங்கிய கணினி வீட்டில் இருந்தால் அதுவே போதும். ரியாலிட்டிகேப்சர் என்று முன்பு அறியப்பட்ட கணினி மென்பொருளை, ஆண்டு வருமானம் 10 லட்சம் அமெரிக்க டாலருக்குக் கீழ் உள்ளவர்கள் 2024 முதல் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நம் ஊர்ச் சங்கங்களும் ஆலயங்களும் அந்த வரம்புக்குள் வந்துவிடும்.

உருவான மாதிரியில் ஓட்டை அடைக்கவும், தேவையற்ற மேசைப் பகுதியை வெட்டவும், முக்கோணங்களைக் குறைக்கவும் பிளெண்டர், மெஷ்லேப் என்ற இரு இலவச மென்பொருள்கள் உள்ளன. மெஷ்லேப் இத்தாலிய ஆய்வாளர்கள் உருவாக்கியது. அரும்பொருளகத் துறையில் நெடுங்காலமாகப் புழங்குவது.

ஓட்டை அடைக்கும்போது ஒரு கட்டுப்பாடு தேவை. உடைந்த மங்கின் விளிம்பை அழகுக்காக முழுமையாக்கினால் அது வேறு பொருளாகிவிடும். எந்த இடத்தில் கணினி ஊகித்து நிரப்பியது என்பதை விவரக் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.

கோப்பைச் சிறிதாக்குவது

மென்பொருளிலிருந்து முதலில் வெளிவரும் மாதிரி நூற்றுக்கணக்கான எம்பி அளவில் இருக்கும். முன்கட்டணத் தரவில் இணையம் பார்க்கும் ஒருவரின் திறன்பேசியில் அது திறக்காது. ஆகவே காட்டுவதற்கென்று சிறிய பிரதி ஒன்றைத் தனியாக உருவாக்க வேண்டும்.

முக்கோணங்களை ஒரு லட்சம் அளவுக்குக் குறைத்து, நிறப்படத்தை 2048 படப்புள்ளி அகலத்தில் வைத்தால் பெரும்பாலான பொருள்களுக்குப் போதும். நுண்ணிய கீறல்களைத் தனிப் படமாகப் பதித்துக் காட்டும் வசதி பிளெண்டரில் உள்ளது. கூகல் நிறுவனம் இலவசமாக வெளியிட்ட டிராக்கோ சுருக்கமுறையையும் சேர்த்தால் கோப்பை 10 எம்பிக்குள் கொண்டுவந்துவிடலாம்.

கோப்பின் வகை ஜிஎல்பி ஆக இருப்பது நல்லது. வடிவம், நிறம் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். எந்தத் தனி நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத இந்த வகை, 2022இல் அனைத்துலகத் தர அமைப்பின் ஏற்பையும் பெற்றது.

மூன்றாம் வேலை: எங்கே காட்டுவது?

குறைந்த செலவில் காட்ட மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, ஆயத்த தளம். ஸ்கெட்ச்ஃபேப் இதில் பெரிது. 2012இல் பாரிசில் தொடங்கப்பட்ட இத்தளத்தில் பிரிட்டிஷ் அரும்பொருளகம் உட்படப் பல நிலையங்கள் தங்கள் மாதிரிகளை வைத்துள்ளன. கணக்குத் திறந்து கோப்பை ஏற்றினால் சில நிமிடங்களில் மக்கள் பார்க்கலாம். அதே மாதிரியைத் தங்கள் சொந்தப் பக்கத்திலும் பதித்துக்கொள்ளலாம். இலவசக் கணக்கில் கோப்பின் அளவுக்கும் மாதப் பதிவேற்றத்துக்கும் வரம்பு உண்டு. 2021இல் இத்தளத்தை எபிக் கேம்ஸ் நிறுவனம் வாங்கியது. 2024இல் அந்நிறுவனம் ஃபேப் என்ற புதிய சந்தையைத் திறந்தபோது, பழைய தளத்தின் எதிர்காலம் குறித்து அரும்பொருளகத் துறையினர் கவலைப்பட்டனர்.

இரண்டாம் வழி, சொந்தப் பக்கம். மாடல்-வியூவர் என்ற இலவச நிரல்துண்டைக் கூகல் வெளியிட்டுள்ளது. இணையப் பக்கத்தில் நான்கைந்து வரிகளைச் சேர்த்தால் ஜிஎல்பி கோப்பு சுழலத் தொடங்கும். ஆதரவுள்ள திறன்பேசியில் அந்தப் பொருளை வீட்டு மேசைமேல் இருப்பதுபோலவும் பார்க்கலாம். பக்கத்தை வைக்க கிட்ஹப் பேஜஸ் சேவை கட்டணமின்றி இடம் தருகிறது. ஒரு தளத்துக்கு 1 ஜிபி, மாதத்துக்குச் சுமார் 100 ஜிபி போக்குவரத்து என்பது அதன் வரம்பு. ஒரு மாதிரி 10 எம்பி என்று வைத்துக்கொண்டால் 100 பொருள்களைக் காட்டலாம், மாதம் 10,000 முறை பார்க்கலாம். சிறிய அமைப்புக்கு இது தாராளம். சொந்த முகவரி வேண்டுமென்றால் ஆண்டுக்கு நூறு ரிங்கிட் அளவில் செலவாகும்.

பொருளின் பாகங்களைச் சுட்டிக்காட்டி விளக்கம் எழுத வேண்டுமானால் வொயேஜர் பொருத்தமானது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிலையம் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக உருவாக்கி எல்லாருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் இது. சண்டி, கோபுரம் போன்ற மிகப் பெரிய மாதிரிகளுக்கு இத்தாலிய ஆய்வு நிலையம் ஒன்று உருவாக்கிய 3டிஹாப் உதவும். பார்வையாளர் நெருங்கிப் பார்க்கும் பகுதியை மட்டும் நுணுக்கமாக இறக்கிக் காட்டுவது இதன் சிறப்பு.

மூன்றாம் வழி, பொதுக் களஞ்சியம். விக்கிமீடியா காமன்ஸ் 2018 முதல் எஸ்டிஎல் வகை முப்பரிமாணக் கோப்புகளை ஏற்கிறது. இந்த வகையில் நிறம் வராது, வடிவம் மட்டும் தெரியும். என்றாலும் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையில் அதனை நேரடியாகச் சேர்க்கலாம் என்பது பயன். பள்ளிகள் முப்பரிமாண அச்சு எடுத்துக்கொள்ளவும் இது ஏற்றது.

நான்காவது கடமை: காப்பது

இலவசத் தளங்கள் நிலையானவை அல்ல. மைக்ரோசாஃப்டின் ரீமிக்ஸ் 3டி தளம் 2020 ஜனவரியில் மூடப்பட்டது. கூகலின் போலி தளம் 2017இல் தொடங்கி 2021 ஜூன் 30ஆம் தேதி மூடப்பட்டது. படங்களிலிருந்து மாதிரி உருவாக்க ஆட்டோடெஸ்க் தந்த இலவசச் செயலியும் 2017இல் நிறுத்தப்பட்டது. இவை பெரிய நிறுவனங்கள். ஆகவே காட்டும் இடத்தைக் காக்கும் இடமாக நம்பக் கூடாது.

காக்க வேண்டியவற்றுள் முதலில் வருவது முதலில் எடுத்த படங்கள். பத்தாண்டு கழித்து வரும் மென்பொருள் அதே படங்களிலிருந்து இன்னும் துல்லியமான மாதிரியைத் தரக்கூடும். படங்கள், பெரிய மாதிரி, சிறிய மாதிரி, விவரக் குறிப்பு ஆகிய நான்கையும் ஒரு பொருளுக்கு ஓர் உறை என்று வைக்கலாம். 100 படங்கள், படத்துக்கு 5 எம்பி என்றால் ஒரு பொருளுக்கு அரை ஜிபி. 50 பொருளுக்கு 25 ஜிபி. சில நூறு ரிங்கிட் விலையுள்ள ஒரு வன்வட்டில் எளிதில் அடங்கும்.

மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு ஊரில் என்பது காப்பகத் துறையின் பழகிய விதி. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நினைத்துப் பார்த்தால் அந்த மூன்றாம் பிரதியின் அவசியம் புரியும். ஆலயத்திலும் ஆலயச் செயலாளர் வீட்டிலும் ஒரே தாமானில் இரண்டு பிரதிகள் வைத்திருப்பது போதாது.

இணையத்தில் ஒரு பிரதி வைக்க இன்டர்நெட் ஆர்க்கைவ் கட்டணமின்றி இடம் தருகிறது. ஆய்வுத் தரவாகப் பதிவுசெய்ய விரும்புவோருக்கு, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு நிலையம் நடத்தும் ஜெனோடோ உள்ளது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்று, மாறாத அடையாள எண்ணும் வழங்கும். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையோடு சேர்ந்து இதனைச் செய்யலாம்.

பெயர் இல்லாத மாதிரி ஊமை மாதிரி

பணத்தைவிட அவசரமானது விவரம் சேர்ப்பது. ஒரு வெள்ளைக் கிண்ணத்தின் முப்பரிமாண வடிவம் பார்ப்பவருக்குக் கிண்ணம்தான். அதனை மங்கு என்று அழைத்தார்கள், அச்சொல் கிண்ணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது, மரத்தில் எந்த உயரத்தில் கட்டினார்கள், மழை வந்தால் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் பால்வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். வெளிநாட்டுப் பெரிய அரும்பொருளகத்தால் இந்த விவரத்தைத் தர முடியாது. பால்வெட்டிய தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது இவை வேண்டும்: புழக்கத்தில் இருந்த பெயர், பொதுப் பெயர், அளவு, செய்யப்பட்ட பொருள், எந்த ஊர் அல்லது தோட்டம், ஏறத்தாழ எந்தக் காலம், யார் கொடுத்தது, எப்போது படமெடுத்தது, யார் சொன்ன தகவல். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பெயரை எழுதினால் தேடுவோர் கண்ணில் படும். தமிழை யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துருவில் இருப்பதைத் தேடுபொறி படிக்காது. பயன்படுத்தியவரின் குரலில் இரண்டு நிமிட ஒலிப்பதிவை உடன் வைத்தால் இன்னும் சிறப்பு.

அனுமதி, உரிமம், பாதுகாப்பு

பொருளைக் கொடுத்தவரிடம் இணையத்தில் காட்ட எழுத்துவழி அனுமதி பெற வேண்டும். ஆலயப் பொருளானால் நிர்வாகமும் குருக்களும் சம்மதிக்க வேண்டும். பூசையில் உள்ள மூலவரைப் படமெடுக்கக் கூடாது என்ற மரபுள்ள ஆலயங்களில் அதனை மதித்து, பழைய மணி, வாகனம், விளக்கு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விலைமதிப்புள்ள செப்புச் சிலை, நகை போன்றவற்றை வெளியிடும்போது அவை வைக்கப்பட்டிருக்கும் இடத்தைக் குறிப்பிடக் கூடாது. திறன்பேசிப் படங்களில் எடுத்த இடத்தின் விவரம் தானாகப் பதிந்திருக்கும். வெளியிடும் பிரதியிலிருந்து அதனை நீக்க வேண்டும். அதே வேளையில், முழுமையான முப்பரிமாணப் பதிவு கையில் இருந்தால், களவுபோன பொருள் எங்காவது விற்பனைக்கு வரும்போது இது நம்முடையது என்று கீறல் உட்பட நிறுவ முடியும்.

மற்றவர்கள் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தால் தெளிவாக்கலாம். ஸ்மித்சோனியன் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களையும் மாதிரிகளையும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் திறந்துவிட்டது. அவ்வளவு தூரம் போகத் தயங்குவோர், பெயர் குறிப்பிட்டால் பயன்படுத்தலாம் என்றோ, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றோ நிபந்தனை வைக்கலாம். வணிகத் தடை உள்ளவற்றை விக்கிமீடியா ஏற்காது என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஐந்து பொருள்கள் போதும். ஒரு மரப்பொருள், ஒரு மண்பொருள், ஓர் இரும்புப் பொருள், ஒரு கல், பிறகு கடினமான ஒன்று. ஒரு சனிக்கிழமை காலையில் படமெடுத்துவிடலாம். கணினி வேலை ஒரு வாரத்தில் முடியும். இளையர்கள் படமெடுக்க, பெரியவர்கள் பெயரும் பயனும் சொல்ல, ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு இது நல்ல செயல்திட்டமாகவும் அமையும்.

மலாக்கா காஜா பேராங் கம்போங் செட்டியில் உள்ள அரும்பொருளகம் போலச் சமூகத்தின் பெயரைத் தாங்கும் சிறிய நிலையங்கள் மட்டுமின்றி, கட்டடமே இல்லாத ஒரு முன்னாள் தோட்டத்து மக்கள் குழுவும் இதே வழியில் தன் அரும்பொருளகத்தை இணையத்தில் அமைக்கலாம். மேற்சொன்ன சேவைகளின் நிபந்தனைகள் காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை என்பதால், கணக்குத் திறக்குமுன் அவற்றைப் படித்துக்கொள்வது நல்லது. முதல் படம் எடுக்க அதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் அல்லது ஆலயக் கிடங்கில் உள்ள பழைய பொருளை வெளியே எடுத்து, அதனைப் பயன்படுத்திய ஒருவரை அருகில் உட்காரவைத்துவிட்டால் வேலை தொடங்கிவிடும்.